எட்டு மணி வெயில்

நனைந்த படுக்கை விரிப்பை ஒரு ஆளால் பிழிய முடியாது. ஒரு முனையை ஒருத்தி பிடிக்க வேண்டும், மறு முனையை இன்னொருத்தி. எதிரும் புதிருமாக நின்று, ரெண்டு பேரும் அவரவர் வலப்பக்கமாக முறுக்க வேண்டும். நடுவில் துணி கயிறாக இறுகி, காலடியில் தண்ணீர் கொட்டும். கடைசி முறுக்கில் யார் கை தளர்கிறதோ அவள் தோற்றாள். இருபத்திரண்டு வருஷம் எனக்கு எதிர் முனையில் நின்றவள் என் தம்பி பொண்டாட்டி. ஒரு நாளும் தோற்றவள் இல்லை.

தெருவில் அவளுக்கு வெள்ளைக்காரி என்று பேர். நிறத்தை வைத்து வந்த பேர் இல்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளை அவள் வெளுத்துக் காயப்போட்டால் பார்க்கிறவனுக்குக் கண் கூசும், அதனால். "என் மூஞ்சியைப் பார்த்து எவன் வெச்சானோ, அவனுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

என் தம்பி லாரி ஓட்டினவன். லாரியோடு போனவன் லாரியோடேயே போய்ச் சேர்ந்தான். அப்போது அவள் மகனுக்கு எட்டு வயசு. என் வீட்டுக்காரரும் அதற்கு முன்பே போய்விட்டார். அவள் வீட்டுக்குப் பின்னால்தான் என் வீடு, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஒரு காலையில் அவள் வந்து என் வாசலில் நின்றாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரியில துணி வெளுக்க ஆள் கேக்கறாங்க. நான் ஒத்துக்கிட்டேன்."

"உனக்குத் துவைக்கத் தெரியுமா?"

"தெரியாது. பிழியறதுக்கு நீங்க வரணும்."

கேட்கவில்லை. வரணும் என்று சொன்னாள். நான் போனேன்.

எங்கள் ஊர் இருந்தது பஸ் திரும்பிப் போகிற கடைசி இடத்தில். ஊரா, பட்டணமா என்று கேட்டால் ரெண்டும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் நாலு மரம், அஞ்சு மரம். தெருவுக்கு மேலே கிளையும் கிளையும் கோத்துக்கொண்டு கூரை போட்ட மாதிரி இருக்கும். பஸ் கூரையில் கிளை உரசுகிற சத்தம் கேட்டுத்தான் பஸ் வருகிறது என்று தெரிந்துகொள்வோம். வெளியிலிருந்து வருகிறவர்கள், ஆகா, என்ன குளுமை என்பார்கள். அவளுக்கு மட்டும் அந்தக் குளுமை ஆகாது. ஊரே நிழலைத் தேடினால் அவள் வெயிலைத் தேடிக்கொண்டு திரிவாள்.

அவள் முற்றத்துக்கு மேற்கே மரக் கிடங்கு. அதன் தகரச் சுவர் உயரம், ரெண்டு மணி தாண்டினால் முற்றம் முழுக்க அதன் நிழல் விழுந்துவிடும். ஆகவே அவளுக்குக் கிழக்கு வெயில்தான் வெயில். எட்டு மணிக்கு ஏறுகிற வெயில் ரெண்டு மணி வரைக்கும் நின்றால் நாற்பது விரிப்பு மொறுமொறு என்று காய்ந்துவிடும். நிழலில் காய்ந்த துணிக்கும் வெயிலில் காய்ந்த துணிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள், நோயாளி படுத்த விரிப்பைத் துவைத்துப் பார்க்காதவர்கள். சவக்காரமும் பிளீச்சிங் பவுடரும் பாதி வேலைதான் செய்யும். மிச்சத்தை வெயில் செய்ய வேண்டும். கறையை அது தின்னும், வாடையையும் தின்னும்.

அந்தக் கிழக்குப் பக்கம்தான் ரேடியோக்காரர் வீடு. ரேடியோ பழுது பார்க்கிறவர், தனி ஆள். அவர் தோட்டத்தில் அஞ்சு மரம். வேலியை ஒட்டி நின்றது ஒரு தூங்குமூஞ்சி மரம். அது குடை விரித்து, எட்டிலிருந்து பத்து மணி வரைக்கும் எங்கள் வெயிலை மறைத்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் காய் பழுத்தால் பிசுபிசு என்று வெள்ளைத் துணியில் விழும்.

"உங்க மரத்துக்குக் கண்ணு இல்லையா? என் துணி மேலதான் போடணுமா?" என்று வேலி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்பாள்.

"கண்ணு இல்லம்மா. இருந்தா இப்படி ஒரு பக்கத்து வீட்டைப் பார்த்து முளைச்சிருக்குமா?"

"அப்போ நீங்க வந்து மறுபடி துவைச்சுக் குடுங்க."

"ரேடியோன்னா கழுவித் தரேன். துணி தெரியாது."

இப்படியே போகும். ஆனால் மனுஷன் ஒரு காரியம் செய்வார். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், லுங்கியை மடித்துக் கட்டி மரத்தில் ஏறுவார். துணிக்கயிற்றைத் தூக்கி நிறுத்துகிற கவைக்கம்பை எடுத்துக்கொண்டு இவள் கீழே நின்று, எந்தக் கிளை என்று தொட்டுக் காட்டுவாள். அந்தக் கிளையை மட்டும் அறுப்பார். வருஷத்துக்கு ஒன்று. அதற்கு மேல் கேட்டால், "பேராசைப்படாதம்மா, நானும் நிழல்ல உக்காந்துதான் வேலை பாக்கறேன்" என்பார். அப்படிக் கிளை கிளையாகக் கால் மணி, அரை மணி என்று வெயில் சேர்த்தாள் அவள்.

மகன் படித்து, வெளியூரில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. வாரம் ஒரு போன் வரும். "துவைச்சது போதும்மா, இங்க வந்துடுங்க." நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். இவள் போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்வாள்: "அங்க போயி உக்காந்தா எந்திரிக்க ஒருத்தரைக் கேக்கணும், எந்திரிச்சா உக்கார ஒருத்தரைக் கேக்கணும். ஆஸ்பத்திரித் துணி வர்ற வரைக்கும் நான் என் வீட்டுல இருப்பேன் அண்ணி. அது நின்னுச்சுன்னா அவன் கூப்பிட வேண்டாம், நானே பெட்டியைக் கட்டிருவேன்." துணி வந்தால் வீடு, நின்றால் பெட்டி. கணக்கு அவ்வளவுதான்.

ரேடியோக்காரர் செத்துப்போனார். பிள்ளைகள் எங்கேயோ இருந்து வந்து, ஒரு வாரத்தில் இடத்தை விற்றுவிட்டுப் போனார்கள். அந்தத் தெருவில் அதுதான் முதல் விற்பனை. அப்புறம் மூலை வீடு, அதற்கடுத்தது என்று வரிசையாக. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பையன் அளவு நாடாவோடு தெருவில் நடக்க ஆரம்பித்தான். கட்டட முதலாளியின் ஆள். மரியாதை தெரிந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். நாங்கள் மஞ்சத்தொப்பி என்றுதான் சொல்வோம்.

ஒரு நாள் காகிதத்தோடு வந்தான்.

"அம்மா, அந்த அஞ்சு மரத்தையும் எடுக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம எடுக்க ஆபீஸ்ல விட மாட்டாங்க. கிளை விழுந்து ஆபத்தா இருக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்து, பெரியம்மா கைநாட்டு. அவ்வளவுதான்."

"அஞ்சுமா?" என்றாள் அவள்.

"அஞ்சும்தான். உங்களுக்கு நல்ல வெயில் கிடைக்கும்மா."

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நாங்கள். அந்த மரம் பிசின் காய் போட்டிருக்கிறது, சருகு போட்டிருக்கிறது, பறவை எச்சம் போட்டிருக்கிறது. ஆபத்தாக ஒரு குச்சியைக்கூட எங்கள் மேல் போட்டதில்லை. ஆஸ்பத்திரி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகவே அவள் தன் பேரை எழுதக் கற்றுக்கொண்டவள். அதை அழகாக, நிறுத்தி நிறுத்தி எழுதினாள். நான் கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தேன். அவள் சொன்னாள் என்பதற்காக நான் வைக்கவில்லை. எனக்கும் அந்த மரத்தின் மேல் கடுப்பு இருந்தது. இருபது வருஷம் நாங்கள் மரத்தைத்தான் பார்த்தோம். மரம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் என்ன நிற்கும் என்று ரெண்டு பேரில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ரெண்டே நாளில் அஞ்சு மரமும் போயின. தூங்குமூஞ்சியை மூன்று துண்டாக அறுத்து லாரியில் ஏற்றும்போது அவள் வேலியோரம் நின்று பார்த்தாள். "பாவம் அந்த மனுஷன்" என்றாள். மறுநாள் காலை ஆறரை மணிக்கே முற்றத்தில் வெயில். அவள் அதில் நின்றுகொண்டு ரெண்டு கையையும் விரித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாரோ கையில் எதையோ கொடுத்த மாதிரி.

அதற்குப் பிறகு நாலு மாசம். அந்த நாலு மாசத்தில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். புதுசாக ஆறு கயிறு கட்டினாள். பஸ் நிற்கிற இடத்தில் இருந்த லாட்ஜ் துணியையும் வெளுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் அரைகுறையாகக் காய்ந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். அதை விட்டுவிட்டாள். பதிலாக ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு துணியைக் கேட்டு வாங்கினாள். கறை போவதற்குள் கை ஒடிந்துவிடும் துணி அது, வெயில் இல்லாதவள் தொடவே முடியாது.

"லாட்ஜை ஏம்மா விட்ட? ரெண்டும் இருக்கட்டுமே."

"அண்ணி, நமக்குத்தான் வெயில் வந்தாச்சே. இனிமே எவன் பாதி காஞ்ச துணியைக் கட்டிக்கிட்டு அழுவான்?"

நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

பள்ளம் தோண்டினார்கள், கம்பி கட்டினார்கள். முதல் மாடி எழும்பியபோது எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாவது வந்தபோது காலையில் ஒரு மணி நேரம் போயிற்று. அவள் ஒரு செங்கல்லை எடுத்து, ஒன்பது மணிக்கு நிழல் முடிகிற இடத்தில் வைத்தாள். மூன்றாவது மாடி வந்ததும் செங்கல்லை நகர்த்தினாள். செங்கல் போகிற பக்கமாகக் கயிறும் போனது. நாலாவது மாடிக்கு அப்புறம் நகர்த்த இடமில்லை, செங்கல் கிடங்குச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அஞ்சாவதும் ஏறியது. கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது பன்னிரண்டிலிருந்து ரெண்டு வரைக்கும். ரேடியோக்காரர் மரம் எங்களிடம் எடுத்துக்கொண்டது ரெண்டு மணி நேரம். இவர்கள் எங்களுக்கு விட்டது ரெண்டு மணி நேரம்.

சிமெண்ட் தூசி வேறு. கட்டடத்துக் காவல்காரரிடம் கேட்டு, அதன் முன்னால் கட்டியிருந்த பழைய விளம்பரத் துணியை வாங்கி வந்து மறைப்புக் கட்டினாள். வழவழப்பான பிளாஸ்டிக் துணி, அதில் கட்டடமும் சுற்றிலும் பச்சைப் பசேல் என்று மரங்களும். "பாருங்க அண்ணி, காத்துல ஒரு இலைகூட ஆட மாட்டேங்குது" என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

கட்டடத்தைப் பற்றி முறையிட நகராட்சி வார்டு ஆபீசுக்குப் போனோம். மஞ்சத்தொப்பியிடம் சண்டை போட்டு லாபமில்லை என்று அவளுக்கே தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு ஒரு காகிதக் கட்டை எடுத்துப் புரட்டி, ஒரு காகிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமா."

"இது?"

"அது என் விரல்" என்றேன்.

"ஆட்சேபணை இல்லைன்னு நீங்களே குடுத்திருக்கீங்களே."

"அது மரத்துக்குங்க."

"மரத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்துத்தாம்மா இந்தக் காகிதம். ரெண்டாவது பக்கம் பாருங்க."

ரெண்டாவது பக்கத்தை என்னத்தைப் பார்ப்பது. எனக்கு எழுத்தே தெரியாது, அவளுக்குத் தன் பேரைத் தவிர வேறு தெரியாது. அவள் அந்தப் பக்கத்தைப் படிக்கிறவள் மாதிரியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தை அவரிடமே நேராக வைத்துவிட்டு, "சரிங்க" என்று எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் நான் புலம்ப ஆரம்பித்தேன். "விடுங்க அண்ணி. என் பேரை நான்தானே எழுதினேன்" என்றாள்.

அடுத்து அவள் செய்ததை நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வெயில் எங்கே போயிற்றோ அங்கேயே போகிறேன் என்று கிளம்பினாள். காவல்காரர் இரக்கப்பட்டு மொட்டை மாடிச் சாவியைக் கொடுத்தார். நான் முழங்கால் வலிக்காரி, ஒரு மாடிக்கு மேல் ஏற மாட்டேன். கீழே ரெண்டு பேரும் பிழிவோம். அவள் ஈர விரிப்புகளைத் தலையில் வைத்துக்கொண்டு அஞ்சு மாடி ஏறுவாள். நாலு நடை, அஞ்சு நடை. அம்பத்தெட்டு வயசு அப்போது. இறங்கி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். கேட்டால், "அங்க என்னா வெயில் தெரியுமா அண்ணி. நம்ம வெயில் அப்படியே இருக்கு, ஆள்தான் கீழ இருக்கோம்" என்பாள்.

நாற்பது நாள் போல நடந்தது. பிறகு குடிவந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மா ஒருத்தர் எங்கள் வாசலுக்கே வந்தார், குரல்கூட உயர்த்தாதவர்.

"தப்பா நினைக்காதீங்க. ஆஸ்பத்திரித் துணி. மேல குழந்தைங்க விளையாடுது. யாருக்கு என்ன நோயோ."

"வெளுத்த துணிங்கம்மா. உங்க வீட்டுத் துணியைவிட சுத்தம்" என்றேன் நான்.

அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். செயலாளர் அம்மா, "நீங்க ஏன் ஒரு மிஷின் வாங்கக் கூடாது?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். மறுநாள் மாடிக்கதவில் வேறு பூட்டு.

அதற்குப் பின்னால் மழைக்காலம். வீட்டுக்குள் கயிறு கட்டினோம், மின்விசிறியைப் போட்டோம், அடுப்பு மூட்டி வைத்தோம். துணி காய்ந்தது மாதிரி இருக்கும், கன்னத்தில் வைத்தால் குளிரும். மடித்து அடுக்கினால் மறுநாள் ஒரு முடை நாற்றம். விரிப்பின் ஓரத்தில் மிளகு தூவின மாதிரி கரும்புள்ளி. அவள் அதைப் பார்க்காதவள் மாதிரி இருந்தாள். கூசாமல் சொல்கிறேன், நானும் பார்க்காதவள் மாதிரிதான் இருந்தேன்.

ஒரு காலை ஆஸ்பத்திரிப் பெரிய நர்ஸ் தானே ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் எங்கள் மூட்டை. பதினைந்து வருஷமாக எங்களுக்குத் துணி கொடுத்தவர். மூட்டையை முற்றத்தில் வைத்தார், அவிழ்க்கவில்லை.

"பொறந்த குழந்தை படுக்கிற துணிம்மா இது" என்றார்.

அவள் முடிச்சை அவிழ்த்து, மேலே இருந்த விரிப்பை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகத்திலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபோது, "நாறுது" என்றாள். "நீங்க சொல்ல வந்தது சரி. இதை எப்படி உங்களுக்கு அனுப்பினேன்னு தெரியல."

"மேலிடத்துல மிஷின் கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன்" என்று நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க அழாதீங்கம்மா. உள்ள வாங்க, டீ போடறேன்."

டீ போட்டாள், நர்ஸ் குடித்துவிட்டுப் போனார். பிறகு அவள் அந்த மூட்டையை முழுக்க மறுபடி துவைக்கலாம் என்றாள்.

"எதுக்கும்மா? இனிமே நம்மகிட்ட வாங்க மாட்டாங்களே."

"நாறின துணியா திருப்பிக் குடுக்க மாட்டேன். முனையைப் பிடிங்க."

பிடித்தேன். நாலு நாள் ஆயிற்று, கிடைத்த வெயிலில் ஒன்றொன்றாகக் காய்ந்து முடிய. மடித்து, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் வைத்து, நோட்டில் தன் பேரை எழுதிவிட்டு வந்தாள். வந்ததும் மகனுக்குப் போன் போட்டாள். அவன் கூப்பிடவில்லை, இவளே போட்டாள்.

வீட்டு விலையை மஞ்சத்தொப்பிதான் பேசி முடித்தான். அவள் போகிற அன்று காலை, வண்டி வருவதற்கு முன்னால், தன் சொந்தப் போர்வையைத் துவைத்துக் கொண்டுவந்தாள். ரெண்டு பேரும் முறுக்கினோம். பாதியில் அவள் கை தளர்ந்து, துணி என் பக்கம் துள்ளி வந்தது.

"தோத்துட்டேன் அண்ணி."

"நீயா விட்ட."

"இல்ல. கையே வரல."

அவள் மகன் வீடு ஏழாவது மாடி. போனில் சொல்வாள்: "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பால்கனியில வெயிலு. மருமக நல்லவதான். துணியை மிஷின்ல போட்டா காஞ்சே வந்துருது. நான் அந்த வெயிலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்." ஒரு தடவை நான், "ஒரு கைத்துண்டையாவது துவைச்சுப் போடேன்" என்றேன். "கேட்டேன். வெளியில துணி தொங்கக் கூடாதாம், அந்தக் கட்டடத்துச் சட்டம்" என்றாள். அதற்குப் பிறகு நான் வெயில் பேச்சை எடுப்பதில்லை.

பதினோரு மாசம் இருந்தாள். நெஞ்சு என்றார்கள். நான் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது கிடத்தியிருந்தார்கள். மேலே வெள்ளை விரிப்பு, ஒரு கறை இல்லை. எல்லாரும் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் குனிந்து அதன் ஓரத்தை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம் இருந்தது, பூ மாதிரி ஏதோ ஒன்று. சுத்தமான துணிதான். ஆனால் அது வெயில் பார்த்த துணி இல்லை.

இப்போது அவள் வீடு இருந்த இடத்தில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அது என் வீட்டுக்கு முன்பக்கம். மஞ்சத்தொப்பி போன வாரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான், காகிதமும் மைப்பெட்டியுமாக. என் வாசலில் நிற்கிற ஒற்றை மரத்தின் வேர் அவர்கள் பக்கம் போகிறதாம், ஆபத்தாம்.

"எத்தனை மாடி?" என்று கேட்டேன்.

"அது இன்னும் முடிவாகல பெரியம்மா."

"முடிவானதும் வா. ரெண்டாவது பக்கத்தைச் சத்தமா படிச்சுக் காட்டு. அப்பவும் வைக்க மாட்டேன். ஆனா படிச்சுக் காட்டு."

அவன் மைப்பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டான். மறுபடி வருவான். நான் இருக்கிற வரைக்கும் வரட்டும்.